மூடிச் சத்தம் கேட்கும் தூரம்

எங்கள் எதிர்வீட்டு மாமி எவ்வளவு தூரம் வெளியே போவாள் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் வீட்டுச் சமையலறையில் யாராவது ஒரு டப்பாவைத் திறந்தால் அந்தச் சத்தம் அவள் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான் எல்லை. மொட்டை மாடி எல்லைக்குள் வரும், வடாம் காயப்போடலாம். படிக்கட்டின் கடைசிப் படி வரும். காய்கறி வண்டிக்காரரோடு கத்தரிக்காய்க்காகச் சண்டை போடலாம். கோயில் வராது. கோபுரம் பால்கனியிலிருந்து தெரியும், மாலையில் நாதஸ்வரம்கூடக் கேட்கும், ஆனால் கோயில் வராது. பங்குனித் தேர் மாடவீதியில் திரும்பும்போது மாமி பால்கனியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வாள், ஒரு காதைச் சமையலறைப் பக்கம் சாய்த்தபடி.

நான் அப்போது கல்யாணமாகாதவன். கல்யாணமாகாதவனுக்கு மயிலாப்பூரில் வீடு கிடைப்பதும் மழை நாளில் ஆட்டோ கிடைப்பதும் ஒன்று. வீட்டுக்காரர் என் நெற்றியில் இருந்த விபூதியைப் பார்த்து ஏமாந்து சாவியைக் கொடுத்துவிட்டார். அந்த நல்லெண்ணத்தைக் கெடுக்கக் கூடாதென்று முட்டையெல்லாம் தி.நகரிலேயே முடித்துக்கொண்டு வருவேன். தி.நகரில்தான் வேலை. அப்பளக் கட்டு, ஊறுகாய் பாட்டில், ஊதுபத்திப் பெட்டி இவற்றின் மேல் அச்சாகும் படங்களையும் வாசகங்களையும் தயார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி. நீங்கள் கிழித்துக் குப்பையில் போட்டதில் எத்தனையோ என் படைப்புகள்.

முதல் நாள் மாமி வீட்டுக்கு ஒரு கரண்டி காப்பிப்பொடி கேட்டுப் போனேன். மாமியின் கைகள் இரண்டும் மாவில் இருந்தன.

"அதோ அந்தத் தாடிக்காரன் டப்பாவுல இருக்கு. எடுத்துக்கோப்பா."

அலமாரியைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை தகர டப்பாக்கள். வட்டம், சதுரம், ஓரம் மழுங்கிய செவ்வகம். எல்லாம் பைப் புகையிலை வந்த சீமை டப்பாக்கள். ஒன்றில் பாய்மரக் கப்பல், ஒன்றில் மான், ஒன்றில் வெறும் கறுப்பும் தங்க எழுத்தும். தாடிக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்: ஒருவர் மாலுமி, இன்னொருவர் குல்லா போட்ட கிழவர். நான் மாலுமியை நம்பினேன். மூடியைத் திறந்து, வாசனை பிடிக்க மூக்கை உள்ளே விட்டேன். மிளகாய்ப்பொடி.

நான் தும்மிய தும்மலுக்கு நடுவே, ஹாலிலிருந்து ஒரு ஆண் குரல் எழும்பியது. பரபரப்பான குரல். "யாரு? என்ன டப்பா அது? எதைத் திறந்தே?"

"ஒண்ணுமில்லே! மிளகாய்ப்பொடி!" என்றாள் மாமி.

"ஓ" என்றது குரல், காற்றுப்போன பலூன் மாதிரி.

அந்தக் குரல் மாமியின் கணவருடையது. மாமா துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். வந்துபோன கப்பல் கேப்டன்கள் புகையிலை டப்பாவைப் பரிசாகக் கொடுப்பார்களாம். மாமா புகையிலையைப் பிடித்தார், மாமி டப்பாவைப் பிடித்தாள். கழுவி, வெயிலில் வைத்து, சாமான் போட்டாள். கறுப்பு டப்பாவில் இருந்த புகை வாசனை மட்டும் எத்தனை முறை கழுவியும் போகவில்லை. எது ஜெயிக்கிறது பார்க்கலாமென்று அதில் பெருங்காயத்தைப் போட்டாளாம். பெருங்காயம் ஜெயித்தது.

பிறகு மாமாவுக்கு மார்வலி வந்தது. டாக்டர் பைப்பைத் தொடவே கூடாது என்றார். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றும் சொன்னார். அப்போது வீட்டில் ஒரே ஒரு டப்பா பிரிக்காமல் மிச்சமிருந்தது, கடைசியாக ஒரு கேப்டன் கொடுத்தது. மாமி அதை அந்த அலமாரியிலேயே, மற்ற டப்பாக்களோடு டப்பாவாக ஒளித்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வெளியே போனால் மாமா ஊன்றி நடக்கும் நடைச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தேடுவார். தேடினால் மூடிச் சத்தம் கேட்கும். கேட்டால் மாமி ஓடிவருவாள்.

வீட்டு வேலை செய்த செல்வி என் எதிரிலேயே ஒருநாள் கேட்டாள். "இன்னா மாமி நீ, அத்தத் தூக்கி கால்வாயில கடாசிட்டு நீ பாட்டுக்குக் கோயிலுக்குப் போய்க்கினே இரேன்!"

"போடீ அசடே" என்றாள் மாமி. "ஆத்துல இருக்குன்னு நெனைச்சுண்டிருக்கற வரைக்கும் ஆத்துலதான் தேடுவார். இல்லேன்னு தெரிஞ்சா படியெறங்கி முக்குப் பெட்டிக்கடைக்குச் சிகரெட் வாங்கப் போவார். ரெண்டு மாடி. அந்தப் படியே அவரை முடிச்சுடும்."

எலிப்பொறியில் எலி மாட்டாமல் இருக்க மசால்வடையைப் பொறிக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது எனக்கு. சொல்லவில்லை. காப்பிப்பொடி தேவைப்பட்டது.

மாமியின் காது ஒரு தனிப் பிறவி. என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். பேச்சு நடுவில் நிற்கும். "உளுத்தம்பருப்பு" என்பாள். எழுந்து ஓடுவாள். போய்ப் பார்த்தால் மாமா அலமாரி முன்னால் நடைச் சட்டத்தைப் பிடித்தபடி நின்று, "தண்ணி குடிக்க வந்தேன்" என்பார். கையில் மான் டப்பாவின் மூடி இருக்கும். மாமி சண்டை போடமாட்டாள். மூடியை வாங்கி மூடிவிட்டு, "இன்னிக்கு ரெண்டாவது தட்டுக்கு வந்துட்டார்" என்று என்னிடம் நிலவரம் சொல்லுவாள். ஒருநாள் சோதனைக்காக என் சமையலறையில் நானே ஒரு பாட்டிலை ஓசைப்படாமல் திருகினேன். எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது: "அது உன் ஆத்து ஊறுகா. நன்னா மூடு, பூசணம் பூத்துடும்."

அந்தச் சமயத்தில் எங்கள் முதலாளிக்கு ஒரு வேலை வந்தது. ஒரு காப்பிப்பொடிக் கடைக்காரர், பழைய காலத்து டப்பா மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டார். எனக்கு யோகம் அடித்தது என்று நினைத்தேன். சீமை டப்பாக்களின் கண்காட்சியே எதிர்வீட்டில்! ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டும் பென்சிலுமாய்ப் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரே ஒரு டப்பாவை ஆபீசுக்கு எடுத்துப் போகக் கேட்டேன். மாமி மறுத்துவிட்டாள்.

"ஒரு டப்பா வாசலைத் தாண்டினா, அதுலதான் இருந்துது, குடுத்தனுப்பிட்டான்னு முடிவு கட்டிடுவார். அப்புறம் நான் என்ன பண்றது?"

டப்பாக்களும் வெளியே போகக் கூடாது. அந்த வீட்டில் உள்ளே வருகிறவர்களுக்குத்தான் அனுமதி.

மாமா பிரம்பு நாற்காலியிலிருந்து டப்பா டப்பாவாகக் கதை சொல்லுவார். மாமி அடுப்படியிலிருந்து பதில் சொல்லுவாள்.

"அந்தக் கறுப்பு டப்பா இருக்கே, அது லடாக்கியா. சிரியாப் பக்கம் ஒரு துறைமுகம். புகையிலையை உத்தரத்துல தொங்கவிட்டிருந்தாளாம். விக்கலை. குளிருக்குக் கீழே விறகு எரிச்சிருக்கா. புகை ஏறி ஏறி இலை கன்னங்கரேல்னு ஆயிடுத்து. கெட்டுப்போச்சுன்னு நெனைச்சா. பத்தவெச்சுப் பாத்தா அமிர்தம்!"

"நம்மாத்துலயும்தான் அன்னிக்குப் பருப்பு அடிப்பிடிச்சுது" என்றது சமையலறை. "அதுக்கு யாரும் பேர் வெக்கலை."

அமெரிக்காவில் ஒரு வகைப் புகையிலையைப் பீப்பாயில் போட்டுத் திருகாணி வைத்து அழுத்தி மாதக்கணக்கில் ஊறவிடுவார்களாம். "ஆவக்கா" என்றாள் மாமி. மாலுமிகள் இலையில் ரம்மைத் தெளித்து, துணியில் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவைத்து, வேண்டும்போது வாழைக்காய் மாதிரி சீவிக்கொள்வார்களாம். "ரம் போறும், இலை என்னத்துக்கு?" என்றாள். குல்லா போட்ட தாடிக்காரர் டப்பாவைக் காட்டி மாமா சொன்னார்: "இவன் பாக்கத்தான் ஸ்காட்லாந்துக்காரன். உள்ளே இருக்கற இலை பாதி குண்டூர்ல விளைஞ்சது. நான் கப்பலேத்தி அனுப்பின சரக்கு, வேஷம் மாத்திண்டு என் மேஜைக்கே வந்துது."

"சீமைக்குப் போயிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி" என்றாள் மாமி.

டப்பாவுக்கும் கதை இருந்தது. முதலில் டப்பாவே கிடையாது. கடையில் பெரிய ஜாடி. ஆளுக்கு ஏற்றபடி கலந்து, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். காகிதத்தில் ஈரம் போய்விடும் என்று ஈயத்தாள் வந்தது. பிறகு தகரம், மூடியிலேயே சின்னக் கத்தி வைத்து, மூடியைச் சுழற்றினால் உள்தகடு அறுபடுகிற மாதிரி ஒரு காலத்தில் செய்தார்கள். கடைசியில் காற்றை உறிஞ்சிவிட்டு மூடியைப் பதிய வைக்கும் வித்தை வந்தது. விளிம்பில் ஒரு காசை நுழைத்து நெம்பினால்தான் திறக்கும்.

"அந்த மாதிரி மூடினதுக்கு அழிவே கிடையாது" என்றார் மாமா. "உள்ளே தூங்கும். தூங்கத் தூங்க ருசி ஏறும். ஒவ்வொரு வருஷமும் அது நன்னாயிண்டே போறது." சொல்லிவிட்டுத் தன் புறங்கையின் சுருக்கங்களைத் தடவிக்கொண்டார். சமையலறையில் மாமி ஒரு மூடியை அழுத்தி மூடினாள்.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு நான் வரைந்த காப்பி டப்பாவில் ஒரு தாடிக்காரர் டம்ளரும் கையுமாக இருந்தார். முதலாளி வெகுநேரம் பார்த்தார். "யாருப்பா இது? காப்பி குடிச்சுக் குடிச்சு இப்படி ஆயிட்டாரா?" என்றார். வேலை வேறொருவனுக்குப் போனது. எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் விடவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாமி என்னைப் படிக்கட்டுக்கு இழுத்தாள். கண் சிவந்திருந்தது. அடையாறில் அவள் அக்கா படுக்கையில் இருக்கிறாள். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஆட்டோவில் ஏறினால் கால்மணி நேரம், அவ்வளவு பக்கம். ஆனால் மாமி பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன. முதல் நாள் அக்காவே போனில் பேசியிருக்கிறாள்: "நீ வரப்போறதில்லேன்னு தெரியும்டி. இருந்தாலும் சொல்லி வெக்கறேன். ரொம்ப நாள் தாங்காது."

"செல்வி ஆத்துக்காரன் ஆட்டோ கொண்டு வந்திருக்கான். நான் வர்ற வரைக்கும் நீ அலமாரி முன்னாடி ஒக்காந்துக்கோ. நகரப்படாது."

"எந்த டப்பான்னு சொன்னாத்தானே மாமி காவல் காக்க முடியும்?"

மாமி மேலும் கீழும் பார்த்தாள். என் காதருகே வந்தாள். "ஜவ்வரிசி" என்றாள். அவள் உயிரையே என் கையில் கொடுத்த மாதிரி இருந்தது அவள் முகம். ஜவ்வரிசி என்று பெயர் சூட்டி, மூன்றாவது தட்டில் எல்லார் கண்ணுக்கும் நேராக வைத்திருந்தாள்.

அவள் செருப்பைத் தேடி எடுத்தபோது வார் காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. எப்படியோ மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நான் சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. உடனே நடைச் சட்டத்தின் டக் டக். மாமா வந்துவிட்டார்.

"போயிட்டாளா?"

"போயிட்டாங்க மாமா. நீங்க போய் உட்காருங்க. புகையிலை உடம்புக்கு ஆகாது. இப்பல்லாம் பாக்கெட் மேலேயே புண்ணான வாயை இவ்வளவு பெரிசா போடறாங்க. அந்தப் படத்தை வரையச் சொல்லி என்கிட்ட வந்திருந்தா நானே சோறு தின்றதை விட்டிருப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. மேடையில் இருந்த கரண்டியை எடுத்தார். கப்பல் டப்பாவைத் தட்டினார். மாலுமியைத் தட்டினார். கால்மணி நேரம் மூடிகளைக் கழற்றிக் கழற்றி மூடினார். டங், டங், கிரீச். ஜவ்வரிசி டப்பா வந்தது. அதைத் தாண்டிப் பக்கத்து டப்பாவைத் தட்டினார். திரும்பி வரும்போதும் அதை மட்டும் தாண்டினார்.

நான் முக்காலியிலிருந்து எழுந்தேன். "மாமா, அதைத் தட்டலையே நீங்க?"

"அதுலதானேப்பா இருக்கு" என்றார் சாதாரணமாக. "அதை எதுக்குத் தட்டணும்?"

"உங்களுக்குத் தெரியுமா!"

"அவளுக்கு மட்டும்தான் காதா? தினம் எல்லா டப்பாவையும் திறக்கறா. இது ஒண்ணு மட்டும் திறக்கற சத்தமே இல்லை. ஜவ்வரிசிப் பாயசம்னா உசிரை விடுவா. எனக்கு மார்வலி வந்ததுலேர்ந்து எங்காத்துல ஜவ்வரிசிப் பாயசமே கிடையாது. இது போறாதா?"

"அப்புறம் ஏன் எடுத்துப் பிடிக்கல?"

மாமா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "மார்வலி வந்த அன்னிக்கு அவ கோயிலுக்குப் போயிருந்தா. நான் இதே தரையில கெடந்தேன். கூப்பிட வாய் வரலை. உச்சிகால மணி அடிக்கறது, கேக்கறது. இப்போ வந்துடுவா, இப்போ வந்துடுவான்னு படிக்கட்டையே கேட்டுண்டு கெடந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒரு மூடியைத் தட்டினா அவ எங்கே இருந்தாலும் வந்துடறான்னு." அலமாரியைப் பார்த்தார். "இன்னிக்கு இவ்வளவு தட்டிட்டேன். வரலை. நிஜமாவே போயிட்டாப்பா."

அவர் முகத்தில் வியர்த்திருந்தது. முக்காலியை அவருக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். மாமி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். ஓடிவந்த வேகத்தில் செருப்பு வார் அறுந்து, ஒரு செருப்பு கையில் இருந்தது.

"அதுக்குள்ள பாத்துட்டீங்களா?" என்றேன்.

"அடையாறு பாலம் வரைக்கும் போனேன்ப்பா. பாலத்து மேல ஒரே காத்து. காதுல அது ஒண்ணுதான் விழறது. இங்க இவர் என்ன பண்றாரோன்னு… திருப்பச் சொல்லிட்டேன்." மாமி சுவரில் சாய்ந்தாள். "பாலத்தைத் தாண்டினா அக்கா ஆத்து வாசல்தான்."

கீழிருந்து ஆட்டோக்காரர் கத்தினார்: "மாமி! இன்னா, மறுக்கா போறமா? வண்டிய ஆப் பண்ணாம நின்னுக்கினு கீறேன்!"

என்னிடம் ரகசியம் தங்காது. நான் டப்பாவுக்கு வெளியே எழுதிப் பிழைக்கிறவன். உள்ளே இருப்பதைச் சொல்வதுதான் என் தொழில். சொல்லிவிட்டேன். மாமாவுக்குத் தெரியும், எடுக்கப் போவதில்லை, உங்களைக் கூப்பிடத்தான் தட்டுகிறார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமி என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். "தெரிஞ்சுண்டேதான் தட்டிண்டிருந்தேளா?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி மூன்றாவது தட்டில் கை வைத்தாள். ஜவ்வரிசி டப்பாவை எடுத்தாள். ஸ்பூன் காம்பை விளிம்பில் நுழைத்து ஒரு நெம்பு நெம்பினாள். உஸ்ஸென்று உள்ளே காற்று புகுந்தது. உலர்ந்த திராட்சையும் பழைய புத்தகமும் கொஞ்சம் வினிகர் புளிப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை அந்தச் சமையலறையை நிறைத்தது. திறந்த டப்பாவை அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்கோ. இனிமே இங்க காவல் காக்க எனக்கு ஒண்ணுமில்லே. பிடிக்கறதும் பிடிக்காததும் உங்க சமர்த்து. நான் அக்காவைப் பாத்துட்டு வரேன்."

"எப்போ வருவே?"

"அவ போன்னு சொல்றப்போ."

வாசலில் என் ரப்பர் செருப்பு கிடந்தது. "உன்னுதைப் போட்டுண்டு போறேன்ப்பா" என்றாள். என் கால் கொஞ்சம் பெரிய கால். அவள் பாதம் அதில் பாதிகூட வராது. சளப், சளப், சளப் என்று இறங்கினாள்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் மாடி. கீழ்த் தளம். இரும்புக் கதவு. ஆட்டோ திரும்பி, தெருமுனையில் ஹாரன் அடித்தது. எனக்கு அதோடு சரி. அவருக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. "மந்தைவெளி தாண்டியிருப்பா" என்றார் சற்றுப் பொறுத்து. மடியில் இருந்ததை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கால்மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. பின்னணியில் இன்னொரு கிழவியின் குரல், "யார்கிட்டடி பேசறே, வெச்சுட்டு வா" என்று அதட்டுகிற குரல் கேட்டது.

"வந்து சேந்துட்டேன்னு சொல்லுப்பா" என்றாள் மாமி. "மத்தியானத்துக்கு மோர்க்குழம்பு இருக்கு. நீயும் சாப்பிட்டுக்கோ."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. டப்பாவைப் பற்றிக்கூட.

சொன்னேன். மாமா தலையாட்டினார். மூடியைத் தேடி எடுத்து டப்பாவின் மேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். கையை எடுத்ததும் மூடி அசைந்தது. மறுபடி அழுத்தினார். "உள்ளே காத்து போயிடுத்து" என்றார். "இனிமே நிக்காது." டப்பாவை மேடையில் வைத்துவிட்டு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எங்கேயும் போகலையே?"

எங்கே போவது? செருப்பு அடையாறில் இருந்தது. தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மோர்க்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் படிக்கட்டைக் கேட்க ஆரம்பித்தோம்.